கத்தரிக்கோலில் ஆரம்பித்த வேலை

தொண்ணூறுகளின் கடைசியில் ரத்தப் புற்றுநோய் ஆய்வகம் ஒன்றில் சேர்ந்தபோது என் கையில் கொடுத்த முதல் கருவி கத்தரிக்கோல். இப்போது வேலைக்கு வரும் பிள்ளைகளிடம் சொன்னால் சிரிக்கிறார்கள். மைக்ரோஸ்கோப்பில் குரோமோசோம்களைப் படமெடுத்து, பிரிண்ட் போட்டு, ஒவ்வொன்றாக வெட்டி ஜோடி சேர்த்து ஒட்ட வேண்டும். மின்விசிறி போடக்கூடாது, போட்டால் குட்டியான 21ஆம், 22ஆம் குரோமோசோம்கள் மேசைக்கடியில் போய்விடும்.

சிகாகோவில் ஜேனட் ரௌலி என்ற குரோமோசோம் ஆய்வாளரும் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இப்படித்தான் வெட்டி அடுக்கினாராம். சிஎம்எல் என்ற ஒரு வகை ரத்தப் புற்றுநோய் உள்ளவர்களிடம் ஒரு குட்டைக் குரோமோசோம் இருப்பதை 1960இல் நோவெலும் ஹங்கர்ஃபோர்டும் பிலடெல்ஃபியாவில் கண்டுபிடித்திருந்தார்கள். அதில் ஒரு துண்டு தொலைந்துபோகவில்லை, 22ம் 9ம் துண்டு மாற்றிக்கொண்டிருக்கின்றன என்று 1973இல் ரௌலி காட்டினார். அந்த ஒட்டில்தான் செல்களை ஓயாமல் பெருகச் சொல்லும் பிசிஆர்-ஏபிஎல் என்ற என்சைம் பிறக்கிறது. (நாங்கள் செய்யும் பிசிஆர் சோதனை வேறு, இந்த பிசிஆர் ஜீன் வேறு, தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடுகிறது, என்ன செய்ய.)

ஆனால் அந்தக் குட்டையைக் கண்டுபிடித்து ரிப்போர்ட் எழுதினாலும் அன்று பெரிதாக ஒன்றும் மாறாது. ஹைட்ராக்சியூரியா, இன்டர்ஃபெரான், உடன்பிறந்தவர் மஜ்ஜை பொருந்தினால் மஜ்ஜை மாற்று சிகிச்சை, அவ்வளவுதான். 2001இல் அமெரிக்காவில் இமாடினிப் அனுமதி பெற்றது. அந்த என்சைமில், அது வேலை செய்யத் தேவையான ஏடிபி என்ற மூலக்கூறு உட்காரும் பள்ளத்திலேயே போய் உட்கார்ந்து அடைத்துக்கொள்ளும் மாத்திரை. கொஞ்ச வருடத்தில் எங்கள் வேலையே தலைகீழானது, குட்டையைத் தேடிய நாங்கள் அது காணாமல் போகிறதா என்று பார்க்க ஆரம்பித்தோம்.

மறக்க முடியாதது ஒரு அம்மாவின் ரத்த மாதிரி. நன்றாக இறங்கிக்கொண்டிருந்த பிசிஆர்-ஏபிஎல் அளவு திடீரென்று ஏறியது. எனக்கு உடனே டி315ஐ (T315I) என்ற ஜீன் மாற்றத்தின் ஞாபகம்தான்; என்சைமின் 315ஆம் இடத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறினால் போதும், இமாடினிப் ஒட்டாது. அந்த ஜீனை வரிசைப்படுத்திப் பார்த்தேன், ஒன்றுமில்லை. நம்பாமல் மறுபடியும் செய்தேன். உண்மையில் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது, வெட்கமாக இருக்கிறது சொல்ல.

அப்புறம் டாக்டர் அந்த அம்மாவிடமே கேட்டிருக்கிறார். "முகம் வீங்குது டாக்டர், அதான் ஒருநாள் விட்டு ஒருநாள் போடறேன்" என்றாராம். மூன்று வாரம் நான் ஜீனுக்குள் தேடிக்கொண்டிருந்த பதில்.

அதற்குப் பிறகு ரத்த மாதிரியோடு வரும் எங்கள் படிவத்தில் 'மாத்திரை விட்டதுண்டா?' என்று ஒரு வரி சேர்த்தோம். பெரும்பாலும் அது காலியாகத்தான் வருகிறது, நான் வார்டுக்கு போன் போடுகிறேன்.