குழாய் ஆர்கனை வீட்டுக்குள் கொண்டுவருதல்

பிரான்சின் கான் (Caen) நகரில் புனித ஸ்தேவான் ஆலயத்துக்காக அரிஸ்டீட் கவாயே-கோல் 1885இல் கட்டிமுடித்த ஆர்கன், அதாவது குழாய்களில் காற்றைச் செலுத்தி ஒலிக்கும் விசைப்பலகைக் கருவி, குழாய் குழாயாக ஒலிப்பதிவு செய்யப்பட்டு, விசையை அழுத்தினால் அந்தப் பதிவுகளை ஒலிக்கச் செய்யும் ஹாப்ட்வெர்க் என்ற மென்பொருளின் வழியே இன்று வீடுகளிலும் ஒலிக்கிறது.

இவ்வகைப் பதிவில் மிகக் கடினமான பகுதி சுரத்தின் முடிவுதான். விசையிலிருந்து விரலை எடுத்ததும் குழாய் அடங்கிவிடுகிறது. ஆலயமோ மேலும் சில விநாடிகள் முழங்கிக்கொண்டே இருக்கிறது. அந்த முழக்கமும் எப்போதும் ஒன்றுபோல் இருப்பதில்லை: நெடுநேரம் பிடித்த சுரம் கட்டடம் முழுவதையும் நிறைத்துவிட்டு மெல்லத் தேயும், தொட்டவுடன் விட்ட சுரத்துக்கு நிறைக்கவே நேரமிருக்காது. ஆகவே நல்ல பதிவுகளில் ஒரே குழாய்க்குக் குறுகிய, நடுத்தர, நீண்ட முடிவுகள் தனித்தனியாக எடுக்கப்படுகின்றன. இதைத் தவிர்த்த பதிவுகளில் வேகமான பகுதிகள் குழம்பிப்போவதை எவரும் கேட்கலாம்.

அடுத்தது, குழாய்களுக்குக் காற்றைத் தரும் காற்றூதியின் இரைச்சல். பல குழாய்கள் சேரும்போது அதுவும் பெருகுவதால் வடிகட்டித்தான் ஆக வேண்டும். ஆனால் அளவு மீறினால் சுரம் தொடங்கும் கணத்தில் எழும் சிறு சீறலும் போய்விடும். எனக்கு அந்தச் சீறல் முக்கியம், சற்று இரைச்சலைப் பொறுத்துக்கொள்வேன்.

தொடங்குபவர்களுக்கு கிராண்ட்ஆர்க் (GrandOrgue) என்ற இலவச மென்பொருள் போதும். ஒலிபெருக்கியில்தான் சிக்கனம் கூடாது: 16 அடி நீளக் குழாய் எழுப்பும் தாழ்ந்த சுரம் ஏறத்தாழ 33 ஹெர்ட்ஸ் என்பதால், மேசை மேல் வைக்கும் சிறிய பெட்டிகளில் அது சரிவரக் கேட்காது.