மலத்தில் முட்டை இல்லை, சாக்கில் புழு இருக்கிறது

நாயின் மலப் பரிசோதனை அறிக்கையில் 'ஒட்டுண்ணி முட்டைகள் காணப்படவில்லை' என்று போட்டிருந்தார்கள். ஆனால் அது படுக்கும் சாக்கில் வெள்ளரி விதை போன்ற துண்டுகள் தினமும் கிடந்தன. புதிதாக விழுந்தவை நீண்டு சுருங்கி நகர்ந்தன. பழையவை காய்ந்து மஞ்சளாகிச் சிறுத்திருந்தன. இதில் எதை நம்புவது?

வேப்பேரி கால்நடைக் கல்லூரி மருத்துவமனையில் டாக்டரம்மா அறிக்கையைப் பார்த்துவிட்டு, "மலம் இருக்கட்டும், அந்தத் துண்டையே கொண்டு வாங்க" என்றார். நாடாப்புழு தன் கடைசிக் கணுக்களை முட்டையோடு அப்படியே கழற்றி விடுமாம். முட்டை அந்தக் கணுவுக்குள்ளேயே இருந்துவிடுவதால், மலத்தைக் கரைசலில் கலக்கி மிதக்கவிட்டுத் தேடினால் பல நேரம் அகப்படாது. முந்தைய அறிக்கையைக் குறை சொல்லவும் முடியாது. பார்த்த இடத்தில் முட்டை இல்லை, அவ்வளவுதான்.

கையுறை போட்டு, இடுக்கியால் எடுத்து, சிறு டப்பாவில் கொஞ்சம் சலைன் விட்டுக் கொண்டுபோனேன். காய்ந்த துண்டும் பரவாயில்லை, ஊறவைத்துப் பார்த்துக்கொள்வார்கள். ஆய்வகத்தில் ஒரு துண்டை இரண்டு கண்ணாடிச் சில்லுகளுக்கு நடுவே வைத்து நசுக்கினார்கள். நானும் மைக்ராஸ்கோப்பில் எட்டிப் பார்த்தேன். மெல்லிய பைகள், ஒவ்வொன்றிலும் பத்துப் பதினைந்து உருண்டை முட்டைகள். இன்னொரு முழுத் துண்டில் இரண்டு பக்க விளிம்பிலும் இனப்பெருக்கத் துளை தெரிந்தது. அதோடு தீர்ப்பு வந்துவிட்டது: டிப்பிலிடியம் கேனினம் என்ற நாடாப்புழு. நாய்க்கு வரும் இன்னொரு நாடாப்புழுவான டீனியா வகை என்றால் துளை ஒரு பக்கம்தான் இருக்கும், முட்டைகளும் பையில் சேர்ந்திருக்காது.

இந்த வித்தியாசத்துக்காகத்தான் நான் காத்திருந்தேன். எங்கள் நாய் கறிக்கடைப் பக்கம் சுற்றும். மனிதரின் ஈரலிலும் நுரையீரலிலும் நீர்க்கட்டி உண்டாக்கும் எக்கினோகாக்கஸும் நாயின் குடலில் வாழும் நாடாப்புழுதான்; கழிவு இறைச்சியைத் தின்பதால் நாய்க்கு வருவது. அதன் முட்டையையும் டீனியா முட்டையையும் மைக்ராஸ்கோப்பில் பிரித்தறிய முடியாது. புழுவே சில மில்லிமீட்டர்தான் என்பதால் துண்டும் கண்ணில் படுவது அபூர்வம். சாக்கில் கிடந்தது அதுவல்ல என்பது ஒரு நிம்மதி. கழிவு இறைச்சியைத் தின்ன விடாதீர்கள் என்ற எச்சரிக்கை மட்டும் எப்படியும் கிடைத்தது.

டிப்பிலிடியம் வருவது தெள்ளுப்பூச்சியால். தெள்ளின் புழுப்பருவம் முட்டையைத் தின்னும்; அது வளர்ந்து பூச்சியான பின் நாய் அதைக் கடித்து விழுங்கும். குழந்தைக்கும் தெள்ளை விழுங்கினால்தான் வரும், நாயின் மலத்திலிருந்து நேராக வராது. இதைக் கேட்ட பிறகுதான் என் மனைவி மகளை நாயின் பக்கத்தில் உட்கார விட்டாள்.

எடை பார்த்துப் பிராசிகுவாண்டெல் மாத்திரை கொடுத்தார்கள். மறுநாள் நீளமாகப் புழு விழும் என்று வீட்டில் எல்லோரும் எதிர்பார்த்தோம், ஒன்றும் வரவில்லை. செத்த புழு பெரும்பாலும் குடலிலேயே செரித்துவிடுமாம். சாக்கில் துண்டு விழுவது மட்டும் நின்றது.

தெள்ளுதான் பெரிய வேலை. அதை விட்டுவைத்தால் மூன்று வாரத்திலேயே மறுபடி துண்டு விழலாம் என்றார்கள். பேன்சீப்பால் வாரி, உதிர்ந்த கறுப்புத் தூளை ஈரத்தாளில் வைத்தால் செம்பழுப்பாகக் கரைகிறது. தெள்ளு குடித்துக் கழித்த ரத்தம் அது. இப்போதும் வாராவாரம் சாக்கை வெந்நீரில் போடுகிறோம், மாதாமாதம் நாயின் கழுத்தில் மருந்து விடுகிறோம்.