ஐஸ் தெரியாத ஊரில் ஒரு ஐஸ் ஹொக்கிக் கதை

முல்லைத்தீவில் எங்களுக்கு ஐஸ் என்றால் மீன் பெட்டிக்குள் உடைத்துப் போடுகிற கட்டிதான். கரப்பந்து பழக்குகிற நான் ஐஸ் ஹொக்கி பற்றி எழுதுவது பெடியளுக்குச் சிரிப்பாக இருக்கும். பரவாயில்லை, அமெரிக்க ஐஸ் ஹொக்கிப் பயிற்றுநர் ஹேர்ப் புரூக்ஸை எனக்குப் பிடிக்கும்.

மினசோட்டா பல்கலைக்கழகத்துக்கு விளையாடியவர். 1960 ஒலிம்பிக்குக்கான அமெரிக்க அணியிலிருந்து கடைசி நேரத்தில் கழற்றிவிட்டார்கள். அந்த அணி தங்கம் வென்றது. எப்படி எரிந்திருக்கும்! 1964, 1968 இரண்டிலும் விளையாடினார், பதக்கம் கிடைக்கவில்லை. அப்புறம் தன் பல்கலைக்கழகத்துக்கே பயிற்றுநராகி 1974, 1976, 1979 என மூன்று தேசியப் பட்டங்கள். 1980இல் லேக் பிளாசிட் ஒலிம்பிக்கில் சோவியத் அணியை 4-3 என்று மடக்கியது அவர் பழக்கிய அமெரிக்க அணியின் கல்லூரிப் பெடியள்தான். பிறகு பின்லாந்தையும் வென்று தங்கம்.

எனக்கு அதைவிடப் பெரிது 1979 செப்டெம்பரில் நோர்வேயில் நடந்தது. அதே ஒலிம்பிக் அணி நோர்வே அணியோடு ஆடிய பயிற்சி ஆட்டம் 3-3 என்று சமநிலையில் முடிந்தது. வீரர்களை அவர் உடை மாற்ற விடவில்லை. கோட்டுக்குக் கோடு போய்த் திரும்பும் ஓட்டம், மறுபடி மறுபடி. அரங்கின் விளக்குகளை அணைத்த பிறகும் விடவில்லை. நான் அப்படிச் செய்தால் விடியவே அம்மாமார் வாசலில் நிற்பார்கள். எனக்கும் அந்த அளவு கடுமை சரியாகப் படவில்லை.

பெடியளிடம் இதைச் சொன்னேன். ஒருவன் கேட்டான்: "சேர், எங்கட கிறவுண்டில லைட்டே இல்லையே, எதை அணைக்கிறது?"