புதன்கிழமை காமிக்ஸ்

அமெரிக்காவில் புது காமிக்ஸ் இதழ்கள் வருவது புதன்கிழமைகளில். பேட்மேன் கதைகளை வெளியிடும் டிசி நிறுவனம் மட்டும் 2020இல் செவ்வாய்க்குத் தாவிவிட்டு, 2024இல் பழைய கிழமைக்கே திரும்பியது. நான் டேப்லெட்டில் வாசிப்பவன். வாங்குவதில் பாதி இப்படித்தான்: இருபது சொச்சம் பக்கம், ஒரு சண்டை, கடைசியில் ஒரு ‘தொடரும்’. டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

ஒரு இதழை நான் இரண்டு தடவை பார்ப்பேன். முதல் தடவை கதைக்காக. அடுத்த தடவை வசனத்தைத் தொடாமல் படங்களை மட்டும். அப்போதும் கதை புரிய வேண்டும்.

அதில் தேறியது 2024 அக்டோபரில் வந்த ‘அப்சல்யூட் பேட்மேன்’ முதல் இதழ். ஸ்காட் ஸ்னைடர் எழுத்து, நிக் டிராகோட்டா ஓவியம். பேட்மேனாகும் புரூஸ் வேன் இதில் கோடீஸ்வரன் இல்லை, அம்மா உயிரோடு இருக்கிறார், வழக்கமாக அவன் வீட்டுப் பணியாளராக வரும் ஆல்ஃபிரெட் உளவாளி. சரி, சும்மா தலைகீழாக்கி விளையாடுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். நெஞ்சிலிருக்கும் வௌவால் சின்னத்தைக் கழற்றிக் கோடரியாக்கினான் பாருங்கள், வாயை மூடிக்கொண்டேன். பீரோ மாதிரி உடம்பு வேறு!

குறை இல்லாமல் இல்லை. கதை சொல்லும் ஆல்ஃபிரெட் கொஞ்சம் அதிகமாகவே பேசுகிறார். அப்புறம் ஒரே இதழுக்கு இத்தனை விதமான அட்டைப்படங்கள் எதற்கு? அந்தப் புலம்பலை இன்னொரு நாள் வைத்துக்கொள்கிறேன்.