லாங்முசி: ஒரு ஓடை, இரண்டு மாகாணம், இரண்டு டிக்கெட்

சீனாவில் மூன்று கிலோமீட்டர் வேனில் போக 60 யுவான். யுவானுக்கு 12 ரூபாய் என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். ஊர் திரும்பி நாலு நாள் ஆகியும் இந்தக் கணக்கு வயிற்றெரிச்சலாகவே இருக்கிறது, அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

முதல் தப்பு எங்களுடையதுதான். கான்சு மாகாணத்து சியாஹே ஊரிலிருந்து, நாங்கள் பார்க்கப் போன திபெத்திய ஊரான லாங்முசிக்கு நேராகப் போகிற பஸ் காலையில் ஒன்றே ஒன்று. முந்தின நாள் சியாஹேயில் லாப்ராங் என்ற பௌத்த மடத்தைச் சுற்றியிருக்கும் பிரார்த்தனை உருளைகளை ஒன்றுவிடாமல் உருட்டிக்கொண்டே மூன்று கிலோமீட்டர் வலம் வந்த அலுப்பில், நானும் நண்பனும் அடித்துப் போட்டதுபோல் தூங்கிவிட்டோம். அப்புறம் ஹெசுவோ என்ற நகரத்துக்குப் போய், அங்கிருந்து தெற்கே போகும் வேறொரு பஸ்ஸைப் பிடித்தோம்.

அந்த பஸ்ஸைப் பற்றிச் சொல்லாமல் விட மனசில்லை. ஜன்னல் திறக்காது. புகை பிடிக்கக்கூடாது என்ற படத்துக்கு நேர் கீழே உட்கார்ந்து ஓட்டுநர் அடுத்தடுத்து சிகரெட் பற்றவைத்தார். பின்சீட்டுப் பையன் வாந்தி எடுத்தான். அவன் அம்மா பதறவே இல்லை, மடித்து வைத்திருந்த பிளாஸ்டிக் பையை நீட்டிவிட்டு மறுபடியும் தூங்கப் போனார். வெளியே மட்டும் வேறு உலகம். மரமே இல்லாத புல்வெளி மேடும் பள்ளமுமாகப் போய்க்கொண்டே இருந்தது, நடுநடுவே கறுப்புக் கறுப்பாக யாக்குகள். பள்ளிக்கூடத்தில் மான் என்று சொல்லிக்கொடுத்த கவரிமா உண்மையில் இந்த யாக்தான் என்று சொல்கிறவர்கள் உண்டு. வயிற்றுக்குக் கீழே பாவாடை கட்டியதுபோல் தொங்கும் அந்த முடியைப் பார்த்தபிறகு நானும் அந்தக் கட்சி.

பஸ் ஊருக்குள் போகாது என்பது நெடுஞ்சாலைப் பிரிவில் எங்களை இறக்கிவிட்டபோதுதான் தெரிந்தது. காற்று காதை அறுக்கிறது, மணி ஐந்தைத் தாண்டிவிட்டது, ஒரே ஒரு வேன் நிற்கிறது. வேன்காரர் பேசவே இல்லை. போனில் கால்குலேட்டரைத் திறந்து 60 என்று அடித்துக் காட்டினார். நான் 20 என்று அடித்தேன். போனை வாங்கித் திரும்பவும் 60. “நடந்துடலாம்டா, மூணு கிலோமீட்டர்தானே” என்றான் நண்பன். இருநூறு அடி நடந்தோம். 3,300 மீட்டருக்கு மேல் உயரம், முதுகில் பன்னிரண்டு கிலோ. மூச்சு வாங்கியதில் இரண்டு பேருமே ஒன்றும் பேசாமல் திரும்பி வந்து வேனில் ஏறினோம். அவர் சிரிக்கவில்லை என்பது ஒன்றுதான் ஆறுதல். அன்று ராத்திரி நூடுல்ஸ் கடை அம்மாவிடம் மொழிபெயர்ப்புச் செயலி வழியாக இதைச் சொன்னோம். அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டு, ஐந்து விரலைக் காட்டினார். ஆளுக்கு ஐந்து யுவான்!

சரி, ஊருக்கு வருவோம். எப்படிப் போவது, எங்கே தங்குவது என்று வரிசையாக எழுதுவதாகத்தான் நண்பர்களிடம் சொல்லியிருந்தேன். அதில் முக்கியமானது ஒன்றே. திபெத் என்றதும் லாசாவும் தனி அனுமதிச்சீட்டும் கட்டாய வழிகாட்டியும்தான் நமக்கு நினைவுக்கு வரும். அந்தச் செலவைக் கேட்டாலே தலை சுற்றும். ஆனால் திபெத்தியர்கள் ஆம்தோ என்று சொல்லும் வடகிழக்குப் பகுதி இன்று பெரும்பாலும் சிங்ஹாய், கான்சு, சிச்சுவான் மாகாணங்களில் இருக்கிறது. இந்த ஊரின் கான்சு பக்கம் சேர்ந்திருக்கும் கன்னான் பகுதிக்கு வர சீன விசா போதும், வழிகாட்டி வேண்டாம். கையைக் கடிக்காமல் திபெத்திய ஊர் ஒன்றைப் பார்க்கவேண்டுமென்றால் இதுதான் வழி.

ஊர் ஒரு பள்ளத்தாக்கின் மடியில் இருக்கிறது. கிழக்கே செங்குத்தாக ஒரு சிவந்த பாறை மலை, சாயங்கால வெயிலில் பழுக்கக் காய்ச்சிய இரும்பு மாதிரி. நடுவில் ஓடும் ஓடை பெரிதொன்றுமில்லை, பாவாடையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு ஒரு சிறுமி தாண்டிப் போகிறாள். இந்தப் பக்கம் கான்சு, அந்தப் பக்கம் சிச்சுவான். இந்தப் பக்கம் 1748இல் கட்டிய செர்த்ரி மடம், அந்தப் பக்கம் 1413இல் தொடங்கிய கிர்தி மடம். இரண்டும் தலாய் லாமாவின் கெலுக் பிரிவைச் சேர்ந்தவைதான், ஆனாலும் டிக்கெட் தனித்தனி. ஆளுக்கு 30, 30. ஒரு வாய்க்காலைத் தாண்டுவதற்கு இன்னொரு டிக்கெட்டா என்று நண்பன் கத்தினான். ஒன்று மட்டும் போதும் என்றால் கிர்தி பக்கம் போங்கள். காரணம் மடம் அல்ல, அதற்குப் பின்னால் இருக்கும் நாமோ என்ற மலையிடுக்கு.

மடத்தைத் தாண்டிப் பாறைகள் நெருங்கி வர, வழி ஒடுங்குகிறது. வாசலிலேயே ஒரு குகை. இந்த ஊருக்குத் திபெத்தியர்கள் சொல்லும் பெயர் தக்ட்சங் லாமோ. தக்ட்சங் என்றால் புலிக் குகை, லாமோ என்றால் தேவி. குகைக்குள் ஒரு பாட்டி குனிந்து போய், பாறையில் நெற்றியை வைத்துவிட்டு வந்தார். சற்றுத் தள்ளிப் பாறையடியில் கல்லுக்கும் பாசிக்கும் இடையிலிருந்து தண்ணீர் கசிகிறது. சத்தம்கூட இல்லை. கையை வைத்தால் விரல் மரத்துப் போகிறது. இதுதான் பைலோங் ஆறு, வெள்ளை டிராகன் என்று பொருள். இங்கிருந்து போய் ஜியாலிங் ஆற்றில் கலந்து, அது யாங்சி ஆற்றில் கலந்து, ஷாங்காய் பக்கம் கடலுக்குப் போகிறது. அதன் குறுக்கே ஒரு காலை இந்தக் கரையிலும் மறு காலை அந்தக் கரையிலும் வைத்து நின்றேன். நண்பன் போட்டோ எடுக்கும்போது செருப்பு நழுவி அதே யாங்சியில் விழுந்தது வேறு விஷயம்.

லாசாப் பேச்சில் “தாஷி தெலெ” என்று மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன். அந்தப் பாட்டி சிரித்துக்கொண்டே “சோ தேமோ” என்று திருத்தினார். ஆம்தோவில் அப்படித்தான் நலம் விசாரிப்பார்களாம்.

செர்த்ரி பக்கத்து மலையில் வான அடக்கம் நடக்கும் இடம் இருக்கிறது. இறந்தவர் உடலைக் கழுகுகளுக்குக் கொடுக்கும் சடங்கு. எங்கள் விடுதியில் தங்கியிருந்த இரண்டு பேர் நாளைக்கு இருக்குமா, எத்தனை மணிக்கு என்று சினிமாக் காட்சி மாதிரி விசாரித்துக்கொண்டிருந்தார்கள். நம் வீட்டுச் சாவுக்கு முன்பின் தெரியாதவன் கேமராவோடு வந்தால் உள்ளே விடுவோமா? அந்தப் பக்கமே போகாதீர்கள்.

சாப்பாடு. இதற்காகத்தான் இவ்வளவும் எழுத உட்கார்ந்தேன். ஊரில் மசூதியும் உண்டு, ஹுயி என்ற சீன இனத்து முஸ்லிம்கள் நடத்தும் நூடுல்ஸ் கடைகளும் உண்டு. ஐந்து விரல் காட்டிய அம்மாவின் கடை அப்படிப்பட்டதுதான். மாவை இழுத்து, மேசையில் ஓங்கி அறைந்து, மடித்து மறுபடி இழுத்து, நம் கண்ணெதிரே கொதிக்கும் பானையில் விடுகிறார் மகன். மாட்டெலும்புச் சாறு, வெள்ளை முள்ளங்கி, மேலே ஒரு கரண்டி மிளகாய் எண்ணெய். உயரத்தால் வந்த தலைவலி பாதிக் கிண்ணத்திலேயே இறங்கியது. ஆனால் ராணி அதுவல்ல, யாக் தயிர். கத்தியால் வெட்டலாம் என்கிற கெட்டி, மேலே மஞ்சளாக ஆடை, அதன்மேல் ஒரு கைப்பிடிச் சர்க்கரை. நான் சர்க்கரை வேண்டாம் என்றேன், அந்த அம்மா காதிலேயே வாங்கவில்லை. முதல் வாயில் புளிப்பு தாடையைப் பிடித்தது, இரண்டாவது வாயில் சர்க்கரை நறநறத்தது, மூன்றாவதுக்கு அவர் ஏன் கேட்கவில்லை என்று புரிந்தது. கிண்ணம் 10 யுவான். இரண்டு பேரும் மூன்று நாளில் பதினொன்று முடித்தோம். வேன்காரருக்குக் கொடுத்த காசுக்கு இன்னும் ஆறு சாப்பிட்டிருக்கலாம் என்று ஒவ்வொரு முறையும் சொல்லி நண்பனைக் கடுப்பேற்றினேன். வெண்ணெய்த் தேநீரைப் பற்றி ஒரே வரி: உப்புப் போட்ட நெய் சூப் என்று நினைத்துக் குடித்தால் நல்லாயிருக்கும், டீ என்று நினைத்தால் போச்சு.

தங்கும் இடத்தைப் பார்க்கும்போது அறை அழகைப் பார்க்காதீர்கள், மெத்தைக்கு அடியில் மின்சார விரிப்பு இருக்கிறதா என்று தூக்கிப் பாருங்கள். அக்டோபரிலேயே ராத்திரி வாளித் தண்ணீரில் ஐஸ் ஏடு கட்டியது. முதல் நாள் விரிப்பை முழுச் சூட்டில் வைத்துத் தூங்கி, நடுராத்திரியில் முதுகு வெந்து எழுந்தேன். மூக்கு நுனி மட்டும் ஐஸ்.

கிளம்பும் நாளன்று ஊருக்குள்ளிருந்தே நேர் பஸ். இனிமேல் பிரிவுப் பக்கம் போய் நிற்பதில்லை என்று முக்கால் மணி நேரம் முன்பே போய் முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டோம். வெளியே பெண்கள் உருளைகளைச் சுற்றப் போய்க்கொண்டிருந்தார்கள், எல்லோர் வாயிலிருந்தும் ஆவி. ஓட்டுநர் வந்தார், கண்ணாடியைத் துடைத்தார், எங்களைப் பார்த்துத் தலையசைத்தார், சட்டைப் பையிலிருந்து சிகரெட்டை எடுத்தார்.