ஹவுசிங், ஓ-ரிங், ஒரு தலைமுடி

மலேசியாவின் ஜொகூரில் இருக்கும் எங்கள் குளுவாங்கில் கடல் கிடையாது. சுற்றிலும் செம்பனை, இடையிடையே மிச்சமிருக்கும் பால்மரம். கஹாங், ஜெமாலுவாங் வழியாக மெர்சிங் போய்ச் சேரவே சுமார் ஒன்றரை மணி நேரம் ஆகும். அங்கிருந்து டைவ் செய்யத் தியோமான் தீவுக்குப் படகு. அதுவும் கடல் ஏற்றம் பார்த்துத்தான் கிளம்பும். இவ்வளவு தூரம் போன பிறகு, படகு ஆடிக்கொண்டிருக்கும்போது ஈரக் கையோடு கேமரா ஹவுசிங்கை, அதாவது கேமராவைத் தண்ணீர் படாமல் அடைக்கும் கூட்டை, திறந்து மூடுவது எனக்குச் சரிப்படவில்லை. அதனால் அந்த வேலையை முதல் நாள் இரவே அறையில் உட்கார்ந்து முடித்துவிடும் பழக்கத்துக்கு வந்திருக்கிறேன். இந்த சீசனில் அதை எப்படிச் செய்தேன் என்பதுதான் இந்தக் குறிப்பு.

கேமரா ஒலிம்பஸ் டிஜி-6. அதற்கென்றே வந்த பிடி-059 ஹவுசிங். கேமரா தனியாகவே 15 மீட்டர் வரை தாங்கும், ஹவுசிங் போட்டால் 45 மீட்டர். தியோமானில் ரெங்கிஸ் பக்கம் ஆழம் அதிகமில்லை, ஆனால் செபே தீவுப் பக்கம் போனால் 20 மீட்டரைத் தாண்டுவது சாதாரணம். ஹவுசிங்கில் கொஞ்சம் கசிந்தாலும் உள்ளே இருப்பது நீர் புகாத கேமரா என்பது இந்த ஜோடியின் நல்ல குணம். அந்தப் பாதுகாப்பு நிஜமாகவே வேண்டுமென்றால் கேமராவின் பேட்டரிக் கதவு, கேபிள் செருகும் கதவு இரண்டின் ரப்பரையும் துடைத்துப் பார்த்துப் பூட்ட வேண்டும். ஹவுசிங் இருக்கிறதே என்று பலர் அதைப் பார்ப்பதே இல்லை.

புது ஹவுசிங்கை முதலில் நனைத்தது வீட்டுப் பின்பக்கம் மழைநீர் பிடிக்கும் தோங்கில், அதாவது பீப்பாயில். உள்ளே கேமரா இல்லை, மடித்த டிஷ்யூ மட்டும். வெறும் கூடு மிதக்கும் என்பதால் வலைப்பையில் போட்டு, கூடவே அம்மிக் குழவியைக் கட்டி இறக்கினேன். அம்மா பார்த்துவிட்டார். "மசாலா அரைக்கிற குழவிதான் கெடச்சுதா உனக்கு? கழுவிக் கொண்டாந்து வை" என்றார். அப்புறம் செங்கலுக்கு மாறிவிட்டேன்.

ஒரு மீட்டர் ஆழம்கூட இல்லாத தோங்கில் என்ன தெரியப் போகிறது என்று தோன்றலாம். தெரியும். கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். 30 மீட்டரில் மொத்தம் நான்கு. அந்த அழுத்தமே கதவை நெருக்கி, தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கைப் பள்ளத்துக்குள் இறுக்கிப் பிடிக்கும். மேல்மட்டத்தில் அந்த உதவி கிடைக்காது. ரிங்கின் குறுக்கே ஒரு முடி கிடந்தால் ஆழத்தைவிட முதல் சில மீட்டரில் தண்ணீர் புக வாய்ப்பு அதிகம். டிஷ்யூ காய்ந்தபடியே வெளியே வந்தால் பாதிக் கவலை தீர்ந்தது.

மீதிப் பாதி அந்த ரிங்கைக் கையாளும் விதத்தில் இருக்கிறது. ரிங்கை எடுக்க ஊசி, ஸ்க்ரூடிரைவர் எதுவும் வேண்டாம். இரண்டு விரலால் ரிங்கை நெருக்கித் தள்ளினால் ஓரிடத்தில் மேலே எழும்பும், அதைப் பிடித்து எடுக்கலாம். எழும்பாவிட்டால் பழைய பிளாஸ்டிக் அட்டையின் மழுங்கிய முனை போதும். பள்ளத்தில் கீறல் விழுந்தால் புது ரிங் வாங்கியும் பயனில்லை. காதுக்குடையும் பஞ்சுக் குச்சியால் பள்ளத்தைத் துடைக்கவே கூடாது, அதிலிருந்து உதிரும் நூல்தான் கசிவுக்குக் காரணமாகும். நான் கண்ணாடி துடைக்கும் மைக்ரோஃபைபர் துணியை அட்டை முனையில் சுற்றி, பள்ளத்தை ஒரு சுற்று ஓட்டுகிறேன். கைவிளக்கைப் பக்கவாட்டில் பிடித்தால் நேரே பார்க்கையில் தெரியாத முடி நிழலோடு தெரியும். எங்கள் வீட்டுப் பூனையின் முடி வெள்ளை, ரிங்கும் வெளிர் நிறம். ஆகவே அந்த வேலை முடியும்வரை பூனை அறைக்கு வெளியே.

ரிங்கைப் பூச்சரத்து நாரை உருவுவதுபோல விரலுக்கிடையில் மெதுவாக விட்டுக்கொண்டே வந்தால் கண்ணுக்குத் தெரியாத மணலும் வெட்டும் விரலில் தட்டும். இழுக்கக் கூடாது, நீண்டுபோன ரிங் பள்ளத்தில் சுருண்டு நிற்கும்.

கிரீஸ் விஷயத்தில் எனக்குப் பாடம் சொன்னவர் கடலையே அதிகம் பார்க்காத ஒருவர். செம்பனைக் குலை ஏற்றும் லோரிகளின் ஹைட்ராலிக் வேலை பார்க்கும் பட்டறை அண்ணன். நாள் முழுக்க ஓ-ரிங்கோடுதான் அவருக்குப் பிழைப்பு. "தம்பி, தண்ணிய நிறுத்துறது ரிங்கு. கிரீசு அது வழுக்கி உக்கார்றதுக்கு மட்டும்தான்" என்றார். ரிங் மினுமினுக்கும் அளவுக்குத் தடவினால் போதும். கட்டியாகத் தெரிந்தால் அது அதிகம், மணலையும் முடியையும் அதுவே வரவேற்று ஒட்டவைத்துக்கொள்ளும். அவரே தன் பட்டறை கிரீஸைக் கொடுக்க மறுத்துவிட்டார். எண்ணெய் பட்டால் எந்த ரப்பர் ஊதும், எது தாங்கும் என்பது அவருக்கு அத்துப்படி. ஹைட்ராலிக்கில் போடும் நைட்ரைல் ரப்பர் எண்ணெயைத் தாங்கும், நம் தோட்டத்துப் பாலில் செய்த ரப்பர் ஊதிவிடும். ஹவுசிங் ரிங்குகளிலோ சிலிக்கோன், நைட்ரைல், இபிடிஎம் என்று பல வகை உண்டு. சில சிலிக்கோன் ரிங்குகளுக்குச் சிலிக்கோன் கிரீஸே ஆகாது. எனவே வாஸ்லின் வேண்டாம், ஹவுசிங்கோடு வந்த கிரீஸ்தான். அது தீர்ந்தால் அதே கம்பெனியினுடையதை வாங்குவேன். பாதிக் காசுக்கு வேறொன்று கிடைக்கிறது என்பது எனக்குக் காரணமாகப் படவில்லை.

மூடும்போது ரிங் பிதுங்கியிருக்கிறதா, கைப்பட்டை நாடா கதவில் மாட்டியிருக்கிறதா என்று சுற்றிலும் பார்ப்பேன். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பை நழுவி வந்து ரிங்கில் உட்கார்ந்துகொள்வதும் உண்டு. அந்தப் பையும் தேவைதான். நம் ஊர்க் காற்றை உள்ளே அடைத்து மூடினால், ஓடும் கேமரா சூட்டில் உள்காற்று வெதுவெதுப்பாகி, கடல் தண்ணீர் பட்டுக் குளிரும் முன்கண்ணாடியில் ஈரம் படியும். படமெல்லாம் பனிமூட்டம். ஏர்கான் அறைக்குள்ளேயே மூடிவிட்டால் உள்ளே காய்ந்த காற்று. நீல நிற ஜெல் மணியில் கோபால்ட் குளோரைடு என்ற நச்சு இருக்கும், அதைச் சமையலறையில் வறுத்துக் காயவைக்க வேண்டாம். நான் ஆரஞ்சு மணிக்கு மாறிவிட்டேன்.

படகில் ஏறிய பிறகு செய்ய அதிகமில்லை. வெயிலில் வைக்காமல் ஈரத் துண்டால் மூடிவைப்பேன். இறங்கியதும் ஒரு மீட்டரில் நின்று ஹவுசிங்கைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். குமிழ் வரிசையாகக் கிளம்பினால் உடனே படகுக்காரரிடம் கொடுத்துவிட வேண்டியதுதான். ஆழத்தில் தண்ணீர் புகுந்ததைப் பார்த்தாலும் விருட்டென்று மேலேறக் கூடாது. மேலேறும் வழியில் உடம்பின் பாதுகாப்புக்காக 5 மீட்டரில் மூன்று நிமிடம் நிற்பதைக் கேமராவுக்காக விட்டுவிட முடியாது.

மேலே வந்ததும் உப்பு காயும் முன்னே நல்ல தண்ணீரில் போடுகிறேன். படகிலிருக்கும் பொதுத் தொட்டியில் எல்லோருடைய மாஸ்க், பனி படியாமலிருக்க அதில் தடவிய மருந்து, மேலே விழும் மற்ற கேமராக்கள். எனக்கு அந்தத் தொட்டி பிடிக்காது. மூடியுள்ள சின்ன வாளி ஒன்றை வீட்டிலிருந்தே கொண்டுபோகிறேன். அரை மணி நேரம் ஊறவிட்டு, தண்ணீருக்குள்ளேயே எல்லாப் பொத்தானையும் பலமுறை அமுக்க வேண்டும். ஒவ்வொரு பொத்தானின் தண்டிலும் குட்டி ஓ-ரிங் இருக்கிறது, அதை நாமே கழற்ற முடியாது. அங்கே உப்பு படிந்தால் பொத்தான் உள்ளே போனது போனபடி நின்றுவிடும். திறக்கும் முன் வெளியே நன்றாகத் துடைத்து, கதவைக் கீழ்நோக்கிச் சாய்த்துத் திறந்தால் இடுக்கில் நிற்கும் துளி கேமரா மேல் விழாது.

சபாவில் செம்போர்னாவுக்கு டைவ் போகும் நண்பர் விமானத்தில் எப்படிக் கொண்டுபோவது என்று கேட்டார். மெயின் ரிங்கைக் கழற்றித் தனிப் பையில் வைக்கச் சொன்னேன். மூடிய கூட்டோடு மேலே போய் இறங்கினால் காற்றழுத்த வித்தியாசத்தில் கதவு திறக்க மறுக்கும்.

இப்போது நவம்பர், கிழக்குக் கடற்கரையில் மழைக்காலம். தியோமானில் பெரும்பாலான கடைகள் மூடிவிட்டன. ரிங் கழற்றியாகிவிட்டது, பூட்டு மாட்டாமல் கூடு அலமாரியில் இருக்கிறது. மாதக்கணக்கில் நெருக்கியே வைத்தால் ரிங் தட்டையாகிவிடும். விளக்கிலிருந்து பேட்டரிகளும் வெளியே. புது ரிங்கை ஆர்டர் செய்துவிட்டேன், ஆண்டுக்கு ஒன்று மாற்றச் சொல்கிறார்கள். மார்ச்சில் கடல் அடங்கியதும் முதல் டைவுக்குக் கேமரா வராது. டிஷ்யூ வைத்த வெறும் கூடுதான் கீழே போகும். அதைக் கீழே பிடித்துவைக்க இரண்டு கிலோ ஈயம் தனியாக வேண்டும் என்று டைவ் கடைக்காரரிடம் இப்போதே சொல்லிவைத்திருக்கிறேன்.