கன்னத்தில் போட்டுக்கொள்ளலாமா?

அத்தைக்கு இரண்டாவது கண்ணிலும் லென்ஸ் வைத்து ஒரு மாதம் ஆகிறது. டாக்டர் என்ன லென்ஸ் வைத்தாரோ, எதிர்வீட்டு ரசத்தில் எத்தனை மிளகு மிதக்கிறது என்பது வரைக்கும் தெரிகிறது. நான் காசு சேர்த்து வாங்கிய, 8 மடங்கு பெரிதாகக் காட்டும் பைனாகுலரை இப்போது யாரும் மதிப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாடியில் கூழ்வற்றல் பிழிந்து காயப்போட்டுவிட்டு இரண்டு பேரும் காவலுக்கு உட்கார்ந்தோம். காக்காய்க்கு அத்தை, வானத்துக்கு நான். பத்து மணி அடித்தால்தான் எங்கள் பெங்களூர் அல்சூரில் மேலே டிராஃபிக் ஆரம்பிக்கும். தார் ரோடும் தகரக் கூரையும் சூடேறி, அந்தச் சூட்டுக் காற்று கிளம்பினால் பருந்துகளுக்கு லிஃப்ட் வந்த மாதிரி. அதற்கு முன்னால் இறக்கையை அடித்து அடித்து மேலே போக அவற்றுக்கு என்ன தலையெழுத்தா? ஏரிக் கூழைக்கடாகூட, 4, 5 கிலோ உடம்பை வைத்துக்கொண்டு, கழுத்தை மடக்கித் தோளில் சாய்த்தபடி அதே லிஃப்டில்தான் ஏறுகிறது. நாம் மட்டும்தான் மூன்று மாடிக்கு மூச்சு வாங்குகிறோம். சரி, லிஃப்ட் ரிப்பேர் கதை வேண்டாம், அது தனியாக ஆறு பதிவு வரும்.

"கருடன்!" என்று அத்தை இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார்.

இங்கேதான் என் வாய்க்குச் சனி. "அது கருடன் இல்லை அத்தை, கள்ளப்பருந்து. வாலைப் பாருங்க, நடுவுல வெட்டின மாதிரி இருக்கு. கருடனுக்கு வால் வட்டமா இருக்கும். தலையும் மார்பும் வெள்ளை, மத்ததெல்லாம் செங்கல் நிறம்."

அத்தை புதுக் கண்ணால் வாலைப் பார்த்தார். வெட்டு தெரிந்தது. முகம் போன போக்கைச் சொல்ல முடியாது.

"அப்போ அறுபது வருஷமா கள்ளனுக்கா கன்னத்துல போட்டுண்டேன்?"

பதில் சொல்ல நான் என்ன பைத்தியமா? முன்பு ஒருநாள் பட்டது போதாதா? கல்யாணமான புதிதில் தான் பார்த்த, திருக்கழுக்குன்றத்தில் மத்தியானம் வந்து குருக்கள் கையால் பொங்கல் சாப்பிட்ட கழுகுகளைப் பற்றி அத்தை கண்ணில் தண்ணீரோடு சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டும் மஞ்சள் முகப் பாறு என்றதோடு நான் நிறுத்தியிருக்கலாம். மற்ற நாளில் அது சாணமும் செத்த மாடும் தின்னும் என்றும் சொல்லிவைத்தேன். மூன்று நாளைக்கு எனக்கு மட்டும் இரண்டாம் டிகாக்ஷன் காபி.

அடுத்து ஒன்று வந்தது. வாலில் வெட்டே இல்லை. கன்னத்துக்குப் போன கையை அந்தரத்தில் நிறுத்திக்கொண்டு அத்தை என்னைப் பார்த்தார். "இருங்க, விசிறி மாதிரி வாலை விரிச்சா கள்ளப்பருந்துக்கும் வெட்டு மறைஞ்சுடும்" என்றேன். அது ஒரு சுற்று சுற்றி வாலை மடக்கியது. வெட்டு. கை இறங்கியது.

மூன்றாவதுதான் வம்பு. நிறம் பழுப்பு, ஆனால் எப்படித் திரும்பினாலும் வால் வட்டம்தான். எனக்கு ஒரே குஷி. "அத்தை, இது குட்டிக் கருடன்! சின்ன வயசுல பழுப்பாத்தான் இருக்கும், அப்புறம்தான் வெள்ளையும் சிவப்பும் வரும்."

"குட்டிக் கருடனுக்குக் கன்னத்துல போட்டுக்கலாமா?"

எந்தப் பறவைப் புத்தகத்தில் இதைத் தேடுவது? அத்தை தானே வாதாடினார். குழந்தை கிருஷ்ணனைச் சேவிக்கிறோமே, அதனால் போட்டுக்கலாம். ஆனால் இன்னும் உத்தியோகத்தில் சேராத பறவை, பெருமாளை எப்போது சுமக்கப்போகிறதோ. கடைசியில் வலது கன்னத்தில் மட்டும் ஒரு தட்டு. மீதி, அதற்கு வெள்ளை வந்த பிறகாம்.

அப்புறம் மெதுவாக, "கும்பாபிஷேகத்துல சுத்தித்தே, அது?" என்று கேட்டார். வற்றலைத் திருப்பிப்போடுவது போல் நகர்ந்துவிட்டேன்.

கிளம்பும் நேரத்தில் தலைக்கு நேர் மேலே ஒரு புள்ளி. அவ்வளவு உயரம். பைனாகுலரில் பார்த்தால் கொஞ்சம் பெரிய புள்ளி. வாலும் இல்லை, நிறமும் இல்லை. ஏரோப்ளேன் என்றால்கூட நம்பலாம். அத்தையின் கை கன்னத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. காலையிலிருந்து இரண்டு கன்னத்திலும் ஒழுங்காக விழுந்தது ஒன்றே ஒன்று, அதுவும் கள்ளனுக்கு.

"கருடன்தான் அத்தை."

"பொய் சொல்லாதே, வாலே தெரியலை" என்றார்.

சொல்லிவிட்டு, இரண்டு கன்னத்திலும் நிதானமாகப் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி நின்றார். அதற்குள் காக்காய் மூன்று வரிசை வற்றலைக் காலி பண்ணிவிட்டு நாலாவதை ஆரம்பித்திருந்தது. நான் விரட்டவில்லை.